துருத்திக்காரங்க கூட்டத்துக்கு 20 பட்டனோட போலாமா?

கேள்வி இதுதான்: "அண்ணா, நான் நியூ ஜெர்சில இருக்கேன். ஊர்ல பஜனை மடத்துல பத்து வருஷம் ஆர்மோனியம் வாசிச்சவன். போன மாசம் ஒரு பழைய கான்செர்ட்டினா, ரெண்டு கைல பிடிச்சு தள்ளி இழுக்கற சின்ன துருத்திப் பெட்டி, வாங்கினேன், லாச்செனல்னு போட்டிருக்கு, 20 பட்டன். ஒரே பட்டனை அமுக்கித் தள்ளினா ஒரு சுரம், இழுத்தா வேற சுரம். ரிப்பேரா? மாசசூசெட்ஸ்ல அக்கார்டியன், கான்செர்ட்டினா வாசிக்கறவங்க சேர்ற வீக்கெண்ட் கூட்டம் ஒண்ணு உண்டாம், என்னை மாதிரி கத்துக்குட்டி போலாமா? வீட்லயும் கூட்டிட்டு போலாமா?"

தம்பி, மொதல்ல ரிப்பேர் இல்ல, வித்தவன் ஏமாத்தவும் இல்ல. உங்ககிட்ட இருக்கறது ஆங்லோங்கற வகை கான்செர்ட்டினா, அதோட பொறப்பே அப்படி. சின்ன வயசுல திருவிழாக் கடைல மவுத் ஆர்கன் வாங்கி ஊதியிருப்பீங்கல்ல, ஊதினா ச க ப, உறிஞ்சினா ரி ம த நி, அதேதான் இது, வாய்க்கு பதிலா துருத்தி, அவ்வளவுதான். ஒவ்வொரு பட்டனுக்கும் உள்ள ரெண்டு ரீடு, அதாவது காத்துல அதிர்ற நாக்கு, ஒண்ணு தள்ளும்போது பேசும், இன்னொண்ணு இழுக்கும்போது பேசும். ஆர்மோனியத்துல இந்தப் பிரச்சனை ஏன் வரலைன்னா, பின்னாடி துருத்தியை நீங்க எப்படி அடிச்சாலும் உள்ள இருக்கற இன்னொரு துருத்தி காத்தை சேத்து வச்சு ரீடுக்கு ஒரே பக்கமா அனுப்புது. கான்செர்ட்டினால அந்த சேமிப்பு கிடையாது, கை போற பக்கம்தான் காத்து போகும். அதனால ஆர்மோனியக்காரங்க இதைத் தொட்டதும் முதல் ஒரு வாரம் கிறுக்கு பிடிச்ச மாதிரி இருக்கும், எனக்கும் இருந்துச்சு.

இப்ப கூட்டத்துக்கு வருவோம். நீங்க கேள்விப்பட்டது நார்த்ஈஸ்ட் ஸ்குவீஸ்-இன்னா இருக்கும், அந்தப் பக்கம் இருந்த பட்டன் பாக்ஸ்ங்கற கடைக்காரங்க ஆரம்பிச்சு வச்சது. பெர்க்‌ஷயர் மலைப்பக்கம் வாஷிங்டன்னு ஒரு சின்ன ஊர், தலைநகர் இல்ல, மாசசூசெட்ஸ்லயே அந்தப் பேர்ல ஒரு ஊர் இருக்கு, அங்க பக்ஸ்டீப் மேனர்ங்கற இடத்துல பல வருஷம் செப்டம்பர்ல நடந்துச்சு. இந்தத் தடவை எங்க, எப்பன்னு மட்டும் பதிவு பண்றப்ப பாத்துக்கோங்க. போலாமான்னு கேட்டா, போங்க, கண்டிப்பா போங்க. ஆனா எதுக்குப் போறோம்னு தெரிஞ்சுகிட்டு போங்க. முக்காவாசி பேர் பாட்டு கத்துக்கப் போறோம்னு நினைச்சு போறாங்க, பாட்டை வீட்ல உக்காந்து யூடியூப் பாத்தே கத்துக்கலாம். அங்க மட்டுமே கிடைக்கற ஒரு விஷயம், அடுத்தவங்க பெட்டியை வாங்கி உங்க மடில வச்சு அமுக்கிப் பாக்கறது.

இதை ஏன் பெருசா சொல்றேன்னா, வயலின்காரன் உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும் வயலின் வயலின்தான். நாலு தந்தி, அதே இடம். துருத்திக்காரங்களுக்கு அந்த பாக்கியம் இல்ல. ஒரே ரூம்ல முப்பது பேர் உக்காந்திருப்பாங்க, பக்கத்து ஆள் பெட்டியை வாங்கினா ச எங்க இருக்குன்னே தெரியாது. நாப்பது வருஷம் பியானோ அக்கார்டியன் வாசிச்ச ஒரு பெரியவர் உங்க 20 பட்டன் பெட்டியை கைல வாங்கி ஒரு ஸ்கேல் வாசிக்க முடியாம முழிப்பார், நான் பாத்திருக்கேன். அங்க எல்லாருமே ஏதோ ஒரு பெட்டிக்கு கத்துக்குட்டிதான், நீங்க மட்டும் தனியா கூச்சப்படறதுக்கு ஒண்ணும் இல்ல.

கொஞ்சம் வரலாறு சொன்னாதான் இந்தக் குழப்பம் புரியும். 1829-ல வியன்னால சிரில் டெமியான்னு ஒருத்தர் அக்கார்டியனுக்கு பேட்டன்ட் வாங்கறார், ஒரு கீயை அமுக்கினா ஒரு முழு கார்டு, அதாவது சேந்து ஒலிக்கற சில சுரங்கள், வரும், கார்டுக்கு ஜெர்மன்ல அக்கோர்ட், அதுலருந்துதான் பேரே. அதே 1829-ல லண்டன்ல சார்லஸ் வீட்ஸ்டன் சிம்போனியம்னு வாயால ஊதற ஒரு பட்டன் வாத்தியத்துக்கு பேட்டன்ட் வாங்கறார், அதுலருந்து வளந்ததுதான் இங்கிலீஷ் கான்செர்ட்டினா, அதோட பேட்டன்ட் 1844. வீட்ஸ்டன்னதும் பிளஸ் டூ பிசிக்ஸ் ஞாபகம் வருதா, வீட்ஸ்டன் சமனச்சுற்று, அதே ஆள்தான்! அந்த சுற்றைக் கண்டுபிடிச்சது அவர் இல்ல, சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டின்னு இன்னொருத்தர் 1833-ல, வீட்ஸ்டன் பிரபலப்படுத்தினார், பேர் இவருக்கு ஒட்டிகிச்சு. ஆனா கான்செர்ட்டினா அவரோடதுதான். இதுக்கு நடுவுல 1834-ல ஜெர்மனில கெம்னிட்ஸ் ஊர்ல கார்ல் உலிக்னு ஒருத்தர் தள்ளினா ஒண்ணு இழுத்தா ஒண்ணு டைப்ல ஒரு பெட்டி செய்யறார், அது இங்கிலாந்துக்கு வந்து விலை கம்மிங்கறதால பிச்சிகிட்டு போகுது, லண்டன்காரங்க அதை தங்க பாணில செஞ்சு ஆங்லோ-ஜெர்மன்னு பேர் வச்சு, அப்புறம் ஆங்லோன்னு சுருக்கிட்டாங்க. உங்க மடில இருக்கறது அந்த வம்சம். லாச்செனல் கம்பெனியை 1930-கள்லயே மூடிட்டாங்க, அதனால உங்க பெட்டிக்கு கிட்டத்தட்ட 90 வயசாவது இருக்கும், மரியாதையா நடத்துங்க.

அங்க போனா கண்டிப்பா மடில வச்சுப் பாக்க வேண்டியது இங்கிலீஷ் கான்செர்ட்டினா. பாக்க உங்களோடது மாதிரியே ஆறு பக்கம், ஆனா கட்டைவிரலை ஒரு தோல் வளையத்துல நுழைக்கணும், சுண்டுவிரலுக்கு ஒரு சின்ன தகடு. 48 பட்டன் சாதாரணம். தள்ளினாலும் இழுத்தாலும் அதே சுரம். ஆர்மோனியக்காரருக்கு நிம்மதியா இருக்கும்னு நினைப்பீங்க, இருங்க. சுரங்களை ரெண்டு கைக்கும் மாத்தி மாத்தி பங்கு போட்டிருப்பார் வீட்ஸ்டன், ச ஒரு கைல, ரி அடுத்த கைல, க மறுபடி முதல் கைல. ஒரு ஆரோகணம் வாசிக்கறதுக்குள்ள மூளை ரெண்டாப் பிரிஞ்சு மறுபடி ஒட்டும். ஆனா பழகிட்டா வேகம் தானா வரும், ஏன்னா ஒரு கை பேசும்போது மறு கைக்கு ஓய்வு.

டூயட்னு ஒரு ஜாதி இருக்கு, இடது கைக்கு கீழ் ஸ்தாயி, வலது கைக்கு மேல் ஸ்தாயி, அதுலயே நாலஞ்சு விதமான பட்டன் வரிசை, ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு வராது. அதை விடுங்க.

பியானோ அக்கார்டியன் உங்களுக்கு உடனே வரும், வலது கைல கட்டைகள் அதேதான், ஆனா நெட்டுக்குத்தலா நிக்கும், குனிஞ்சு பாத்து வாசிக்க முடியாது. ஆர்மோனியத்துல நாம எவ்வளவு கண்ணால வாசிச்சோம்னு அன்னிக்குத்தான் தெரியும். இடது கைப் பக்கம் 120 பட்டன், 20 வரிசைல ஆறாறு, எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. 1 கட்டை, அதாவது சி, பட்டன்ல ஒரு சின்ன பள்ளம் போட்டு வச்சிருப்பாங்க, அதை விரலால தடவித்தான் இடம் கண்டுபிடிக்கணும். அதுக்கு மேல 5 கட்டை, அதுக்கு மேல 2 கட்டை, இப்படி ப-வுக்கு ப-வா ஏறிகிட்டே போகும், நம்ம ஆளுங்களுக்கு இந்தக் கணக்கு சீக்கிரம் பிடிபடும். வெயிட்தான் பிரச்சனை, முழு சைஸ்னா 10 கிலோவுக்கு மேல, அரை மணி நேரம் தோள்ல மாட்டினா அடுத்த நாள் முதுகு சொல்லும். பாண்டோனியன் யாராவது கொண்டு வந்திருந்தா விடாதீங்க. அர்ஜென்டினா டாங்கோல அழுற குரல் அதுதான், 71 பட்டன், தள்ளினா ஒரு சுரம் இழுத்தா ஒண்ணுன்னு 142 குரல், அதுவும் எந்த ஒழுங்கும் இல்லாம இறைச்சு விட்ட மாதிரி இருக்கும்.

சரி, இப்ப உங்க 20 பட்டன் கதைக்கு வரேன், இதுதான் நீங்க போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது. இந்த மாதிரி ஆங்லோ பெரும்பாலும் சி/ஜி, அதாவது ஒரு வரிசை 1 கட்டை, இன்னொரு வரிசை 5 கட்டை. அங்க ராத்திரி வட்டமா உக்காந்து வாசிக்கற ஐரிஷ் மெட்டுகள்ல நெறைய 2 கட்டையும் 5 கட்டையும்தான். 5 கட்டை பிரச்சனை இல்ல. 2 கட்டைல சங்கராபரணம் வாசிக்கப் பாருங்க, ச ரி க ம ப த வரைக்கும் ரெண்டு வரிசையையும் கலந்து வாசிச்சுடலாம், காகலி நிஷாதம், அதாவது மேல் நி, மட்டும் எங்க தேடினாலும் கிடைக்காது, ஏன்னா அது சி ஷார்ப், அந்த சுரமே உங்க பெட்டில இல்ல. அதுக்கு அரை கட்டை கீழ இருக்கற கைசிகி நிஷாதம்தான் இருக்கு, ஆக சங்கராபரணம் வாசிக்க உக்காந்து ஹரிகாம்போஜில முடியும். நல்ல செய்தி என்னன்னா, ஐரிஷ் மெட்டுகள்ல ஹரிகாம்போஜி மாதிரி ஸ்கேல்ல நிறைய இருக்கு, கரகரப்பிரியா மாதிரியும் இருக்கு, 6 கட்டைல கரகரப்பிரியா உங்க 20 பட்டன்லயே முழுசா வரும். அதனால வட்டத்துல உக்காந்ததும் பதறாதீங்க, அந்த ஒரு சுரம் வர்ற இடத்துல சும்மா விட்டுட்டு போங்க, யாரும் கண்டுக்க மாட்டாங்க. 30 பட்டன் வாங்கினா மூணாவது வரிசைல அந்த சி ஷார்ப் வந்துடும், அயர்லாந்துல கிளேர் பக்கத்து ஆளுங்க எல்லாம் வாசிக்கறது அதுதான். வாங்கறதுக்கு முன்னாடி அங்க நாலு பேரோட 30 பட்டனை வாசிச்சுப் பாத்துட்டு வாங்குங்க. ஜெஃப்ரீஸ் கம்பெனி செஞ்ச பழைய பெட்டின்னா பல ஆயிரம் டாலர், அதை ஆசைக்குத் தொட்டுப் பாத்துட்டு பத்திரமா திருப்பிக் குடுத்துடுங்க.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். அந்தக் காலத்து கான்செர்ட்டினா நெறைய இன்னிக்கு இருக்கற ஸ்ருதில இருக்காது. இப்ப 6 கட்டை, அதாவது ஏ சுரம், 440 ஹெர்ட்ஸ், அப்ப 452 பக்கத்துல எல்லாம் டியூன் பண்ணியிருக்காங்க, அரை கட்டைல பாதி அளவுக்கு தூக்கலா நிக்கும். தனியா வாசிக்கறப்ப தேனா இருக்கும், நாலு பேரோட சேந்தா பல் கூசும். போறதுக்கு முன்னாடி போன்ல டியூனர் ஆப் போட்டு ஒரு தடவை பாத்துடுங்க. தூக்கலா இருந்தா வட்டத்துல வாசிக்காதீங்க, அங்கேயே யார்கிட்டயாவது ஒரு பெட்டி இரவல் கேளுங்க, குடுப்பாங்க. நீங்களா ரீடை சுரண்டி ஸ்ருதி சேக்கற வேலை மட்டும் வேணாம், ஆர்மோனியத்துக்கு ஊர்ல நாம செஞ்ச தைரியம் இங்க செல்லாது.

நடக்கறது எப்படின்னா, இந்த மாதிரி கூட்டம் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே தினுசுதான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து சேருவாங்க, சாப்பாடு முடிஞ்சதும் பெட்டி தொறந்துடும். சனிக்கிழமை காலைலருந்து வகுப்புகள், ஒரு ரூம்ல ஆங்லோ ஆரம்பப் பாடம், இன்னொரு ரூம்ல பிரெஞ்சு மியூசெட் டான்ஸ் மெட்டு, எங்கயோ போல்கா. ராத்திரி வந்தவங்களே மேடை ஏறி ஆளுக்கொண்ணு வாசிக்கற கச்சேரி. ஞாயிறு மத்தியானம் மூட்டை கட்டுவாங்க. நிஜமான விஷயம் இந்த டைம்டேபிள்ல இல்ல, ராத்திரி பதினோரு மணிக்கு மேல வராண்டால, மாடிப்படி அடில, கிச்சன் வாசல்ல நடக்கறதுதான்.

வட்டத்துல உக்கார்ற பழக்கம் கொஞ்சம் சொல்றேன். ஒரு மெட்டு எட்டு பார், அதாவது எட்டு தாளக்கட்டு, முதல் பாகம் ரெண்டு தடவை, எட்டு பார் ரெண்டாம் பாகம் ரெண்டு தடவை, மொத்தம் 32, இதை பெரும்பாலும் மூணு சுத்து வாசிச்சுட்டு நிறுத்தாம அடுத்த மெட்டுக்கு தாவுவாங்க. ஜிக்னா திஸ்ர நடை, ரீல்னா சதுஸ்ரம்னு வச்சுக்கோங்க, உங்களுக்கு பிடிபட்டுடும். தெரியாத மெட்டா, முதல் சுத்து வாயை மூடிட்டு கேளுங்க, ரெண்டாவது சுத்துல காலைத் தட்டுங்க, மூணாவதுல தெரிஞ்ச சுரத்தை மட்டும் மெல்ல தொடுங்க. பஜனைல பழகின நமக்கு ஸ்ருதியை அமுக்கிப் பிடிச்சுகிட்டே பின்னாடி போற பழக்கம் உண்டு, ஆங்லோல அது நடக்காது, துருத்தி திரும்பினதும் சுரம் மாறிடும், அந்தப் பழக்கத்துலருந்து பெட்டியே நம்மளைக் காப்பாத்தும். பியானோ அக்கார்டியன் ரெண்டு பேர் ஒரே வட்டத்துல உக்காந்துட்டா கான்செர்ட்டினா சத்தம் செத்துது, எழுந்து வேற மூலைக்குப் போங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

நீங்க வாசிங்கன்னு கண்டிப்பா கேப்பாங்க, அப்ப கூச்சப்பட்டு முழிக்காம ஒண்ணு தயாரா வச்சுக்கோங்க. என் சாய்ஸ் நோட்டுஸ்வரம். முத்துஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுகளைக் கேட்டு சங்கராபரணத்துல சமஸ்கிருத சாகித்யம் போட்டாரே, அது. கமகம் இல்ல, 1 கட்டை வரிசைல அப்படியே உக்காரும், பெட்டிக்குன்னே செஞ்ச மாதிரி. நான் ஒரு தடவை ஒண்ணு வாசிச்சேன், முதல் அடி முடியல, எதிர்ல உக்காந்திருந்த அம்மா ஒருத்தங்க தலையை சாய்ச்சு என்னையே பாக்கறாங்க, ரெண்டாவது சுத்துல அவங்க இங்கிலீஷ் கான்செர்ட்டினால கீழ க, மேல ப-ன்னு கூடவே வர்றாங்க. முடிச்சதும், இது எங்க பாட்டி ஆடின டான்ஸ் மெட்டு, நீ எங்க பிடிச்சேன்னு கேக்கறாங்க. தஞ்சாவூர்ப் பக்கம்னு சொன்னேன், நம்பலை. அந்த ராத்திரி முழுக்க சாகித்யம் சொல்லு சொல்லுன்னு கேட்டு பேப்பர்ல எழுதிகிட்டாங்க.

ரிப்பேர் வகுப்பு ஒண்ணு இருந்தா வேற எதை விட்டாலும் அதை விடாதீங்க. பெட்டியோட ஒரு பக்கத்துல ஆறு திருகாணி, கழட்டினா மரத் தகடு வெளிய வரும், அடில வட்டமா சக்கரம் மாதிரி ரீடுகள். ஒவ்வொரு ரீடும் ஒரு உலோக நாக்கு, அது ஒரு பித்தளைச் சட்டத்துல, அந்தச் சட்டம் மெழுகு பசை எதுவும் இல்லாம மரத்துல ஆப்பு மாதிரி சறுக்கி உக்காந்திருக்கும். அக்கார்டியன்ல அப்படி இல்ல, அலுமினியத் தகட்டுல ரிவெட் அடிச்சு, தகட்டை மெழுகால மரக்கட்டைல ஒட்டியிருப்பாங்க. ஒரு சுரம் திடீர்னு ஊமையானா பத்துல எட்டு தடவை ஒரு நூல் பிசிறோ தூசியோதான், மெல்லிசு பேப்பர் துண்டை நாக்குக்கு அடில விட்டு ஒரு இழுப்பு, பேச ஆரம்பிச்சுடும். அதைக் கண்ணால ஒரு தடவை பாத்துட்டா பயம் போயிடும். வீட்ல தனியா முதல் தடவை திறக்காதீங்க, அவ்வளவுதான்.

மெழுகுன்னதும் ஒண்ணு. ஒரு ஜூலை மாசம், தெரிஞ்சவர்கிட்ட இரவல் வாங்கின அக்கார்டியனை கார் டிக்கில போட்டுட்டு மளிகை வாங்கப் போனேன், கூட ஒரு சாப்பாடும் சாப்டுட்டு மூணு மணி நேரம் கழிச்சு வந்தேன். வீட்ல வந்து மாட்டினா பாதி சுரம் செத்துக் கிடக்கு, மீதி ஒண்ணுக்கு ரெண்டா கத்துது. உள்ள மெழுகு இளகி ரீடு தகடுகள் சறுக்கி ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கிடந்துச்சு. திருப்பிக் குடுக்கப் போன அன்னிக்கு அவர் ஒண்ணுமே சொல்லலை, அதுதான் கொடுமை, ரிப்பேர் செலவை நான் குடுத்தேன், ஆனா அந்த பெட்டி பழைய குரலுக்கு வரவே இல்ல. உங்க லாச்செனல்ல மெழுகு இல்லைங்கறதால தப்பிச்சுடும்னு நினைக்காதீங்க, மரம் காஞ்சு வெடிப்பு விட்டா காத்து கசியும். பெட்டி எப்பவும் உங்க காலடில, சீட்ல, ஏசி இருக்கற இடத்துல. இன்னொரு பழக்கம், எந்தப் பட்டனையும் அமுக்காம துருத்தியைப் பிடிச்சு இழுக்கவோ தள்ளவோ கூடாது. வலது கட்டைவிரல் பக்கம் சத்தம் வராத ஒரு பட்டன் இருக்கும் பாருங்க, அது காத்துப் பட்டன், மூடி வைக்கறப்ப அதை அமுக்கிகிட்டே மூடுங்க.

மாசசூசெட்ஸ் தேதி ஒத்து வரலைன்னா வேற இடமும் இருக்கு. கலிஃபோர்னியால கோட்டாட்டி அக்கார்டியன் ஃபெஸ்டிவல் 1991-லருந்து நடக்குது, ஆனா அது பெரும்பாலும் மேடை பாத்து கை தட்டற திருவிழா. இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம் கிரின்டன்ல ஸ்வேல்டேல் ஸ்குவீஸ்னு கான்செர்ட்டினாக்காரங்களுக்குன்னே ஒண்ணு பல வருஷம் நடந்துச்சு, இப்பவும் உண்டான்னு பாத்துக்கோங்க. அயர்லாந்துப் பக்கம் போனா கிளேர்ல கில்ரஷ் ஊரை விடாதீங்க, எலிசபெத் குராட்டி 1885-ல பொறந்து 1960 வரைக்கும் இருந்த கான்செர்ட்டினா அம்மா, அவங்க ஊர் அது. வரலாற்று ஆர்வம் இருந்தா ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல ஹெடிங்டன், 1899 கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் வில்லியம் கிம்பர் மாரிஸ்ங்கற இங்கிலாந்து கிராமிய டான்ஸுக்கு வாசிச்சதை நாட்டுப்பாட்டு சேகரிச்ச செசில் ஷார்ப் பாத்து, மறுநாள் கூப்பிட்டு மெட்டெல்லாம் எழுதி வாங்கினது அங்கதான். கிம்பர் கைல இருந்தது உங்களோடது மாதிரி ஆங்லோ.

வீட்ல கூட்டிட்டு போறதைப் பத்தி. தாராளமா, மலைப்பக்கம், செப்டம்பர் கடைசின்னா இலை நிறம் மாற ஆரம்பிச்சிருக்கும், காலைல நடக்க நல்லா இருக்கும். ஆனா உண்மையைச் சொல்லி கூட்டிட்டு போங்க, ரெண்டு நாள் காலைலருந்து நடுராத்திரி வரைக்கும் எந்தப் பக்கம் திரும்பினாலும் துருத்தி சத்தம்தான், சொல்லாம கூட்டிட்டு போய் என் தம்பி ஒருத்தன் இன்னிக்கு வரைக்கும் பேச்சு வாங்கறான். காதுல வைக்கற பஞ்சு நாலு ஜோடி வாங்கி வச்சுக்கோங்க. சைவம்னா பதிவு பண்றப்பவே எழுதிடுங்க, பொதுவா ஏதாவது செஞ்சு தருவாங்க, ஆனா அவங்க சைவம்னா பாஸ்தா, வேக வச்ச பீன்ஸ், சீஸ், அவ்வளவுதான். பருப்புப் பொடி ஒரு டப்பா, மாகாளிக் கிழங்கு ஊறுகாய் சின்ன பாட்டில் எடுத்துட்டு போங்க. மூடியை மட்டும் இறுக்கி ரெண்டு கவர்ல சுத்தி, கான்செர்ட்டினா பெட்டிக்குள்ள வைக்காம வேற பையில வைங்க.